டீச்சரிடம் கேளுங்கள்: எல்லையோரத்து ப்ளஸ் ஒன் பிள்ளைகளின் கேள்விகள்

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு, நான் ப்ளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் படிக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். அப்பாவுக்குச் சொந்த ஊர் கிணத்துக்கடவு பக்கம், அம்மாவுக்குக் கேரள எல்லைக்குள் இருக்கும் இந்த ஊர்தான். எனக்கு விவசாயம் படிக்க ஆசை. மருதமலைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து விவசாயக் காலேஜ் வாசலைப் பார்த்துக்கொண்டே போவேன். பொள்ளாச்சியில் பதினொன்றாவது படிக்கும் அத்தை பையன், "பதினொன்னுக்கு இனிமே பப்ளிக்கே கிடையாது, எல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்கிறான். நான் எப்போது ஆரம்பிக்க வேண்டும்? நீட் எழுத வேண்டுமா? இந்தப் பக்கம் படிப்பதா, அந்தப் பக்கம் படிப்பதா? ப்ளஸ் ஒன் புத்தகமெல்லாம் இங்கிலீஷில் இருப்பது வேறு பயமாக இருக்கிறது.
– ஒரு மாணவி, வேலந்தாவளம்

பதில்: கண்ணு, உன் அத்தை பையன் பொய் சொல்லவில்லை. அவன் சொல்வது அவனுக்குச் சரி. தமிழ்நாட்டில் 2017-18இல் கொண்டுவந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கணக்கு வேறு. கேரளத்தில் ப்ளஸ் ஒன்னுக்கும் மார்ச்சில் பப்ளிக் உண்டு. ஆறு பாடத்துக்கு இந்த வருடம் 600, அடுத்த வருடம் 600. இரண்டும் சேர்ந்து 1200தான் உன் சர்ட்டிபிகேட்டில் வரும். பாதி மார்க்கை இந்த மார்ச்சிலேயே எழுதி முடிக்கப்போகிற பிள்ளை நீ. அவன் பேச்சைக் கேட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்தப் பாதி கைவிட்டுப் போய்விடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருபத்தாறு வருடம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்தவள் நான். ஒவ்வொரு வருடமும் ஜூனில் வந்து சேர்கிற பிள்ளைகள் பத்தாவது முடித்த களைப்பில் இருப்பார்கள். ஓணப் பரீட்சை வரை அலட்சியம், கிறிஸ்துமஸ் பரீட்சை மார்க் வந்ததும் அழுகை. இம்ப்ரூவ்மெண்ட் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். இருக்கிறது, மூன்று பாடம் வரை திரும்ப எழுதலாம். ஆனால் அது ப்ளஸ் டூ பாடச் சுமையின் நடுவில் வந்து விழும். இயற்பியல் இரண்டாம் வருடப் புத்தகத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருக்கும்போது முதல் வருடத்து இயக்கவியலையும் திரும்பப் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவே இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் சி.இ. (தொடர் மதிப்பீடு) என்று 20 மார்க் இருக்கிறதே, அது நோட்டு ஒழுங்காக எழுதி, அசைன்மெண்டைச் சொன்ன நாளில் கொடுத்தாலே வருகிற மார்க். அதை ஒன்றுகூடக் குறையாமல் வாங்கு.

சரி, விவசாயத்துக்கு வருகிறேன். நீ கேட்டது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரே படிப்பு, நம் ஊரிலிருந்து பார்த்தால் அதற்கு மூன்று வாசல் தெரியும். மூன்றுக்கும் சாவி வேறு வேறு.

முதல் வாசல் நீ பஸ்ஸிலிருந்து பார்ப்பது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரிக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். ஆனால் நீ தமிழ்நாட்டைச் சேர்ந்தவள் என்பதற்குச் சான்று வேண்டும். எட்டாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அங்கேயே படித்த பிள்ளைகளிடம் இதைத் தனியாகக் கேட்பதில்லை. இங்கே படித்த உன்னிடம் கேட்பார்கள்.

இரண்டாவது வாசல் நம் மாநிலத்தில். திருச்சூர் வெள்ளானிக்கரையிலும், திருவனந்தபுரம் வெள்ளாயணியிலும், காசர்கோடு படன்னக்காட்டிலும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. இங்கே பி.எஸ்சி. அக்ரிக்கு நீட் ரேங்க் வேண்டும். எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவு மார்க் தேவையில்லை, ஆனால் நீட் எழுதாமல் முடியாது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, என் வகுப்புப் பிள்ளைகளே அதில் விழுந்திருக்கிறார்கள். நீட் எழுதினால் மட்டும் போதாது. கேரள நுழைவுத்தேர்வு ஆணையரிடம் கீம் என்ற மாநிலச் சேர்க்கை விண்ணப்பமும் தனியாகப் போட்டிருக்க வேண்டும். அது ப்ளஸ் டூ தேர்வை ஒட்டி வரும். "நான்தான் இன்ஜினியரிங்குக்குப் போகலையே, எனக்கெதுக்குக் கீம்" என்று விட்டுவிட்டு, நல்ல நீட் மார்க்கை வைத்துக்கொண்டு ஜூலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்ற பிள்ளைக்கு என்னால் ஒரு வழியும் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வாசல் அகில இந்திய இடங்கள். மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் ஒரு பகுதி இடங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நிரப்புகிறது. அதற்கு இப்போது சி.யூ.இ.டி. என்ற அகில இந்தியப் பொது நுழைவுத்தேர்வின் மதிப்பெண்தான். எந்த மாநிலத்துப் பிள்ளை என்று பார்த்து அங்கே கதவடைக்க மாட்டார்கள். அப்பாவின் ஊர்க் காகிதம் சரியாக வரவில்லை என்றால் இந்த வாசல் உனக்குத் துணை.

நீட் எழுத வேண்டுமா என்று கேட்டாயே, எழுது. அதிலும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகின்றன. கேரளத்தில் ப்ளஸ் ஒன் அறிவியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகமே பாடப்புத்தகம் என்பதால், வகுப்பில் ஒழுங்காகப் படிப்பதே நீட்டுக்குப் படிப்பதாகவும் ஆகிவிடுகிறது. கோட்டயத்துக்கோ நாமக்கல்லுக்கோ போய் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்று யாராவது உன் அப்பாவிடம் சொன்னால், அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அக்ரி இடத்துக்கு அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. சேர்கிற வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஒரு வயது முன்னதாகப் பள்ளியில் சேர்த்த பிள்ளைகள் இதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இங்கிலீஷ் பயம். இதற்கு நான் வகுப்பில் செய்து பார்த்துப் பலன் கண்ட ஒரு வழி இருக்கிறது. உன் அத்தை பையனோ அவன் சிநேகிதர்களோ வைத்திருக்கும் பதினொன்றாம் வகுப்புத் தமிழ் வழித் தாவரவியல், விலங்கியல் புத்தகங்களை வாங்கிக்கொள். கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பாடம் அப்படியே ஒன்றாக இருக்காது, வரிசை மாறும். ஆனாலும் ஆஸ்மோசிஸ் என்று படித்துத் திகைக்கிற இடத்தில் சவ்வூடு பரவல் என்று தமிழில் நாலு வரி படித்துவிட்டு வந்தால், சவ்வு வழியாகத் தண்ணீர் ஊடுருவிப் பரவுகிறது என்று அந்தச் சொல்லே உனக்கு விளக்கிவிடும். கருத்தைத் தமிழில் பிடி, விடையை இங்கிலீஷில் எழுதிப் பழகு. தினம் ஒரு பக்கம் போதும். பத்தாவது வரை தமிழில் படித்தவர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்று சொல்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. என் வகுப்பில் செல்பிரிவைப் படம் போட்டு மிகத் தெளிவாக விளக்கிய பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள்தான்.

நீட்டைத் தமிழிலும் எழுதலாம், தெரியுமா? தமிழ் வினாத்தாளில் இங்கிலீஷும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ஆனால் தமிழ் வினாத்தாள் கேட்டால் தேர்வு மையம் தமிழ்நாட்டில் போட வேண்டியிருக்கும். வேலந்தாவளத்திலிருந்து கோயமுத்தூர் உனக்கு ஒன்றும் தூரமில்லையே. இடுக்கிப் பிள்ளைகள்தான் இதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் இங்கிலீஷ் வடிவமே இறுதி, அதையும் நினைவில் வை.

இனி காகிதங்கள். எல்லையோரத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பை விடவும் இதுதான் பெரிய வேலை என்று நான் நம்புகிறேன். என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் ப்ளஸ் டூ முடித்து அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துப் போனோம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அவள் பெயருக்குப் பின்னால் ஒரு இனிஷியல். ரேஷன் கார்டில் அவள் அப்பாவின் பெயர் முழுசாக. சாதிச் சான்றில் வீட்டுப்பெயரும் சேர்ந்து மூன்று எழுத்து. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று ஒரு காகிதம் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வில்லேஜ் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைந்து நாலாம் நாள் அந்தக் காகிதத்தோடு போனபோது அந்த இடம் இல்லை. அவள் வேறு படிப்புப் படித்து இன்று நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த நாலு நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், அப்பா லாரி ஓட்டப் போய்விடுகிற வீட்டில் என்ன ஆகும்?

அதனால் இந்தக் கிறிஸ்துமஸ் லீவில் ஒருநாள் உட்கார்ந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆதார், பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு நான்கையும் பாயில் விரித்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார். நுழைவுத்தேர்வுகளில் பத்தாவது சான்றில் இருக்கிறபடிதான் பெயர் கேட்பார்கள். ஆதாரில் பிழை என்றால் அக்ஷயா இ-சேவை மையத்தில் திருத்துவது சுலபம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிழை என்றால் படித்த பள்ளி வழியாகத் திருவனந்தபுரம் பரீட்சா பவனுக்குப் போக வேண்டும், மாதங்கள் ஆகும். ப்ளஸ் டூ மே மாதத்தில் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது, இப்போது கண்டுபிடித்தால் நேரம் இருக்கிறது.

அப்பாவின் ஊர்ச் சான்று: கிணத்துக்கடவில் தாத்தா பெயரில் பட்டாவோ பழைய ரேஷன் கார்டோ, அப்பா படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழோ இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்கச் சொல். அவற்றை வைத்து அங்குள்ள இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்றுக்கு அப்பாவே விண்ணப்பிக்கலாம். கிடைக்குமா என்பதை அந்தத் தாலுகாவில்தான் முடிவு செய்வார்கள், நான் உறுதி சொல்ல முடியாது. கிடைக்காது என்று தெரிந்தாலும் அது இந்த வருடமே தெரிவது நல்லது. அப்போது நீட்டிலும் சி.யூ.இ.டி.யிலும் முழு மனதோடு இறங்கிவிடுவாய். ஒன்று மட்டும் செய்யாதே. இரண்டு பக்கமும் ரேஷன் கார்டு வைத்துக்கொள்ளலாம், இரண்டு மாநிலத்திலும் சொந்த ஊர் என்று ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. பின்னால் கண்டுபிடித்தால் கிடைத்த இடமே போகும்.

சமுதாயச் சான்றிலும் கவனம் வேண்டும். ஒரே சமுதாயம் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஒரு பிரிவிலும் கேரளப் பட்டியலில் இன்னொரு பிரிவிலும் இருக்கும், சிலது ஒரு பக்கம் இருக்கவே இருக்காது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலும் மாநிலவாரியாகத்தான் இருக்கிறது. உன்னுடையது எங்கே எப்படி இருக்கிறது என்று வில்லேஜ் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்.

உனக்குக் கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாறக் கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு கொடுக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாவதிலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத்தான். நீ படித்ததும் அரசுப் பள்ளி, பேசுவதும் தமிழ், ஆனால் பள்ளி இருப்பது கோட்டுக்கு இந்தப் பக்கம். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக, மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை இருக்கிறது. ப்ளஸ் டூவில் தன் போர்டில் மேல் 20 சதவீதத்துக்குள் வருகிற, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு வருடம் 12,000 ரூபாய். எண்ணிக்கை வரம்பு உண்டு, ஆனால் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். இதற்கும் பார்ப்பது அந்த 1200தான்.

இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இன்றைக்கே முடிவு செய்யாதே. இரண்டும் திறந்திருக்கும்படி இந்த வருடத்தை நடத்து. அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எருத்தேம்பதி அரசு விதைப்பண்ணைக்குப் போய் வா. அங்கே வேலை செய்கிறவர்களிடம் என்ன படித்தீர்கள், நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேள். நம் பகுதி மழை மறைவு நிலம், தண்ணீருக்கு ஆழியாற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். இங்கே பிறந்து விவசாயம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை, வயலில் வெயிலில் நிற்பதும் அந்தப் படிப்பில் சேர்ந்தது என்று தெரிந்து போக வேண்டும். பார்த்துவிட்டு வந்த பிறகும் ஆசை இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுது.

கேள்வி: டீச்சர் அம்மா, நான் மூணாறு எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். பையன் ப்ளஸ் ஒன் ஹியூமானிட்டிஸ். அலாட்மெண்டில் அதுதான் கிடைத்தது. நாங்கள் குடியிருக்கும் தோட்ட லயத்தில் எல்லோரும், சயன்ஸ் கிடைக்காத பிள்ளைக்கு என்ன காலேஜ் என்று பேசுகிறார்கள். அவனும் மனசு விட்டுவிட்டான். சாதிச் சான்று வேறு கேட்ட இடத்தில் 1950க்கு முன்னால் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள். என் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, மூணாறு

பதில்: ஐயா, சான்று விஷயத்தை முதலில் சொல்கிறேன், அதுதான் காலம் பிடிக்கும். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10இல் வந்தது. பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் இருந்தது என்று காட்டினால்தான் கேரளத்துச் சலுகை கிடைக்கும் என்பதால் அப்படிக் கேட்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே செத்த மனிதர்களுக்குப் பத்திரமும் பட்டாவும் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை உங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் கேட்டு நான் கேட்டிருக்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது.

இருந்தாலும் தேட இடம் இருக்கிறது. எஸ்டேட் ஆபீஸில் தாத்தாவின் பெயர் இருக்கும் பழைய செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு), அவர் பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயிலிலோ சர்ச்சிலோ இருக்கும் கல்யாண, ஞானஸ்நானப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாயால் கேட்டால் இல்லை என்பார்கள். எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். சங்கத்துக்காரர்களைக் கூட்டிப் போங்கள். அந்தத் தேதிக்குப் பின்னால் வந்த குடும்பம் என்று ஆகிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பூர்வீக மாநிலத்துப் பட்டியலில் உங்கள் சமுதாயம் இருந்தால், அதன் அடிப்படையிலான சான்று மத்திய அரசின் கல்வி நிலையங்களில் செல்லும். அதனால் பையன் சி.யூ.இ.டி. எழுதி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது உங்கள் வீட்டுக்கு மற்றவர்களை விட முக்கியம். காசர்கோடு பெரியாவில் ஒன்று, திருவாரூரில் ஒன்று இருக்கின்றன.

பையனைப் பற்றி: ஹியூமானிட்டிஸ் கிடைத்தது என்று யாரும் துக்கம் விசாரிக்க வேண்டியதில்லை. வரலாறு, பொருளாதாரம், அரசியல் படிக்கிற பிள்ளைக்குப் ப்ளஸ் டூ முடித்ததும் ஐந்து வருடச் சட்டப் படிப்பு இருக்கிறது. கேரள அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத்தேர்வு ஆணையர் தனித் தேர்வு நடத்துகிறார். கொச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற தேசிய நுழைவுத்தேர்வு. தோட்டத்துச் சட்டம், நிலச் சட்டம், பி.எஃப். தெரிந்த ஒரு தமிழ் வக்கீல் மூணாறுக்கு எவ்வளவு தேவை என்று உங்களுக்கே தெரியும். ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிக்கவும் எந்த குரூப்பும் தடையில்லை. தமிழில் ஈடுபாடு இருந்தால் மூணாறு அரசுக் கல்லூரியிலும் எங்கள் சித்தூர் அரசுக் கல்லூரியிலும் பி.ஏ. தமிழ் இருக்கிறது. அப்புறம் பி.எட். முடித்தால் கேரளத்துத் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியர் வேலைக்குப் போட்டி போடுகிறவர்கள் குறைவு, இடம் எப்போது வரும் என்று காத்திருக்க மட்டும் பொறுமை வேண்டும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2024இலிருந்து கேரளத்தில் டிகிரி நாலு வருடம். மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரலாம், நாலாவது வருடமும் படித்தால் ஹானர்ஸ். தேனி, கம்பம் பக்கம் அதே பி.ஏ. மூன்று வருடம்தான். ஹாஸ்டல் செலவைக் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துப் போடுங்கள்.

இன்றைக்கு இரவு அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உனக்கு என்ன படிக்கப் பிடித்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். லயத்தில் பேசுகிறவர்களை நீங்கள் மறுத்துப் பேசுவதை அவன் ஒருமுறை காதால் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் ஆந்திரத்து நகரியில் ஜூனியர் இன்டர் (பதினொன்றாவது) எம்.பி.சி. (கணிதம், இயற்பியல், வேதியியல்) படிக்கிறேன். வீட்டில் தமிழ்தான். திருத்தணியில் சித்தி வீட்டில் தங்கி அடுத்த வருடம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு மாறினால் நுழைவுத்தேர்வு இல்லாமலே இன்ஜினியரிங் சேரலாம் என்கிறார்கள். மாறலாமா?
– ஒரு மாணவி, நகரி

பதில்: மாறாதே அம்மா. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங்குக்கு நுழைவுத்தேர்வு இல்லை என்பது உண்மை. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். ஆனால் ஒரு வருடம் மட்டும் அங்கே படித்தால் நீ தமிழ்நாட்டுப் பிள்ளை ஆகிவிட மாட்டாய். தலைமுறையாக நகரியில் இருக்கும் குடும்பத்துக்கு அங்கே இருப்பிடச் சான்று கிடைப்பதும் கஷ்டம். ஆந்திரத்திலோ 85 சதவீத இடம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு. கடைசி நாலு வருடம் தொடர்ந்து அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கையில் இருக்கிற அதை விட்டுவிட்டு, கிடைக்குமா என்று தெரியாத ஒன்றுக்காக மாறக் கூடாது. இருக்கிற இடத்திலேயே இருந்து ஆந்திர நுழைவுத்தேர்வான ஈ.ஏ.பி.செட்டுக்குப் படி. ஜூனியர் இன்டர் பாடமும் அதில் வருகிறது, அதனால் இந்த வருடத்து நோட்டுகளைப் பத்திரமாக வை.

என்.ஐ.டி.க்கும் ஆசை இருந்தால் ஒரு விஷயம். அங்கே சொந்த மாநிலம் என்று பார்ப்பது பன்னிரண்டாவதை எந்த மாநிலத்தில் முடித்தாய் என்பதைத்தான், அம்மா அப்பாவின் ஊரை அல்ல. நகரியில் முடிக்கிற உனக்கு தாடேபல்லிகூடத்து என்.ஐ.டி.யில் பாதி இடத்துக்குச் சொந்த மாநிலத்தவள் என்ற உரிமை உண்டு. திருச்சியில் நீ வெளிமாநிலத்தவள்.

கேள்வி: ப்ளஸ் ஒன் காமர்ஸ் படிக்கிறேன். சி.ஏ. படிக்க வேண்டும். டிகிரி முடித்த பிறகுதான் முடியுமா?
– ஒரு மாணவன், மீனாட்சிபுரம்

பதில்: டிகிரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்தாவது முடித்தவர்களே சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்துகொள்ளலாம், தேர்வு எழுதுவது ப்ளஸ் டூ முடித்த பிறகு. வருடத்துக்கு மூன்று முறை தேர்வு நடக்கிறது. அதில் கணிதமும் புள்ளியியலும் ஒரு தாள், காமர்ஸில் கணக்கு எடுக்காத பிள்ளைகள் அங்கேதான் திணறுகிறார்கள். நீ எந்தக் காம்பினேஷன் என்று எழுதவில்லை. கணக்கு இல்லை என்றால் இந்த விடுமுறையிலிருந்தே வாரத்துக்கு இரண்டு நாள் அதற்கு ஒதுக்கு. அக்கவுண்டன்சியில் பற்று வரவு பதிவதை மனப்பாடம் செய்யாமல், உன் ஊர் மளிகைக் கடையில் உட்கார்ந்து ஒரு நாளின் வரவு செலவை எழுதிப் பார். மீனாட்சிபுரத்தில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் அனுமதிப்பார், கேட்டுப் பார்.